ட்ரேசியின் தவளைக்குத் தேடிய செடிகள்

ட்ரேசி எதையெதை ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. நடக்க வராது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கையை விரித்தார். நாலு வயது முடிந்ததும் அவர் வீட்டு வாசல்வரை நடந்துபோய் நின்றாள். பத்து வயதைத் தாண்டமாட்டாள் என்றார், தாண்டினாள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு மந்திரம் மனதில் நிற்காது என்று இரண்டு பங்குச் சாமியார்கள் தள்ளிப்போட்ட புதுநன்மையை, முதல் நற்கருணையை, மூன்றாவது சாமியாரிடம் பதினாறு வயதில் வாங்கினாள். ஈப்போவில் சிறப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய விளையாட்டுப் போட்டியில் பந்து எறிந்து வெள்ளிப் பதக்கம். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்க ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். பதினோரு வருஷம் மடித்தாள், ஓரம் பிசகியது என்று ஒரு துண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்காத எதிர்வீட்டுச் சீனக் கிழவரைச் சிரிக்க வைத்தாள். கடைசியாக, நாற்பத்தைந்து வயதில், மாதா கோயில் சந்தையில் வளையம் எறிந்து ஒரு தவளையை ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் ஜெயிக்கவில்லை.

சந்தையில் அந்த வளைய ஆட்டத்தை நடத்தியவன் தனேஸ்வரன். ஈப்போவில் மீன், பறவை, பல்லி எல்லாம் விற்கும் சிறிய கடை வைத்திருப்பவன். பரிசு மேசையில் கலர் மீன்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை மரத்தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆஸ்திரேலியா இனமாம். உள்ளங்கையை நிரப்பும் கொழுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே மடிந்து தொங்கும் சதை, எதற்கும் அவசரப்படாத முகம். எல்லாரும் மீனுக்குக் குறிவைத்தார்கள். ட்ரேசியின் வளையம் டப்பாவின் மேல் போய் விழுந்தது. தவளை வேண்டாம், மீனாக மாற்றித் தருகிறேன் என்று தனேஸ்வரன் சொல்லிப் பார்த்தான். அவள் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "மண்டோர்" என்றாள்.

அவளுடைய அண்ணன் ஆம்புரோஸுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே வேலையாட்களை மேய்த்த மண்டோர் இப்படித்தான் தொப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தான் ஒரு வேலையும் செய்யாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆம்புரோஸ் ட்ரேசிக்கு எட்டு வயது மூத்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முக்கால் ஆயுசைக் கழித்தவன்; கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்குவது அவன் வேலை. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது ஈப்போவுக்குத் திரும்பி, குனோங் ராப்பாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறான். வீட்டில் அவன், மனைவி ரோசம்மா, ட்ரேசி. வேலை போனாலும் கண் போகவில்லை. சட்டைப் பித்தானைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தைப்பான்.

தவளை வந்த அந்த வருஷம்தான் ட்ரேசி தொலைய ஆரம்பித்திருந்தாள். சட்டைக்கு மேல் சட்டை போட்டாள். குளியலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மடித்த துண்டை விரித்தாள், விரித்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். டாக்டர் நல்ல பெண், மறைக்காமல் சொன்னார். இவர்களுக்கு மூளை சீக்கிரம் வயதாகும், திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது, சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது நின்றால் மற்றதெல்லாம் மளமளவென்று நின்றுவிடும் என்றார். அந்தச் சாப்பாடுதான் நின்றுகொண்டிருந்தது. பசித்தால் சாப்பிட வேண்டும் என்பதே அவளுக்கு நழுவிப்போயிருந்தது. ரோசம்மா தட்டோடு பின்னாலேயே நடப்பாள். ட்ரேசி வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

மண்டோர் வந்த முதல் வாரத்தில், விளக்கு வைக்கும் நேரம், ரோசம்மா அதற்கு ஒரு சிள்வண்டைப் போட்டாள். தவளை யோசித்து, யோசித்து, ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் தள்ளிக் கண்ணை உள்ளே இழுத்து விழுங்கியது. ட்ரேசி சிரித்தாள். சிரித்த வாயை மூடாமல் அப்படியே திறந்து வைத்திருந்தாள். ரோசம்மா சட்டென்று ஓர் உருண்டைச் சோற்றை அதில் வைத்தாள்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். மண்டோர் சாப்பிட்டால் ட்ரேசி சாப்பிடுவாள். மரத்தவளை தினமும் தின்னாது. தின்னாத நாளில், "மண்டோருக்கு நேத்து சாப்பிட்டதே செரிக்கல" என்று ரோசம்மா சமாளிப்பாள். ட்ரேசி அதன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஆம்புரோஸ் சாமி படத்துக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியைத் தவளை டப்பா பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்தி வைத்தான் என்று ரோசம்மா கேலி செய்தாள்.

ஐந்தாவது மாதம் மண்டோர் சாப்பிடுவதை நிறுத்தியது.

சிள்வண்டு அதன் முதுகின் மேலேயே ஏறி நடந்தது. அது அசையவில்லை. நிறம் மங்கிப் பழுப்பானது. செரிக்கவில்லை என்ற பொய் சில நாள் ஓடியது, பிறகு ஓடவில்லை. ட்ரேசி வாயை மூடிக்கொண்டாள். இட்டலியை மசித்துக் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளினாள். முதுகுத் தண்டு சட்டைக்கு மேலே தெரிந்தது.

ஆம்புரோஸ் போய்த் தனேஸ்வரனை வீட்டுக்கே கூட்டிவந்தான். அவன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்தான். பிறகு வீட்டில் உள்ளவர்களைப் பார்த்தான்.

"நாலு பக்கமும் ஆளுங்க கண்ணு தெரியற எடத்துல ஒக்காந்து யாருலா சாப்பிடுவா? அண்ணே, இதுக்கு ஒளிஞ்சிக்க எடம் வேணும். இல்லன்னா பயத்துலயே போயிரும்."

கடையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை அவனே கொண்டுவந்து வைத்தான். அதற்குள் செடி வேண்டும். எந்தச் செடி என்பதைத்தான் அவன் விளக்கி விளக்கிச் சொன்னான். ஆம்புரோஸ் ஒன்றுவிடாமல் மனதில் ஏற்றிக்கொண்டான். இலை அகலமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். முள்ளோ சுணையோ இருந்தால் தவளையின் தோல் கிழிந்துவிடும். தண்டு கெட்டியாக இருக்க வேண்டும். இது கனத்த தவளை, ஏறினால் மெல்லிய செடி முறியும். வெயில் இல்லாமல், எப்போதும் ஈரத்தில் வாழ வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பூச்சிமருந்தோ உரமோ பட்டிருக்கக் கூடாது. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. இலையில் எது இருந்தாலும் அதன் ரத்தத்துக்குப் போய்விடும். கடையில் வாங்கும் செடி என்றால் மண்ணை முழுக்க உதறி, கழுவி, ஒரு மாதத்துக்குமேல் வெளியே வைத்திருந்துதான் உள்ளே நட வேண்டும்.

"ஒரு மாசம் இவ தாங்க மாட்டா" என்றான் ஆம்புரோஸ். அவன் தவளையைப் பார்த்துச் சொல்லவில்லை.

முதலில் சிம்பாங் பூலாயில் கேமரன் ரோட்டோரம் இருக்கும் செடிக்கடைக்குப் போனார்கள். ட்ரேசியையும் கூட்டிப்போனது ரோசம்மாவின் யோசனை. அங்கேதான் ட்ரேசி செடி பார்க்கும் விதம் தெரிந்தது. ஒரு செடியைப் பிடித்துவிட்டால், குனிந்து இலையில் தன் கன்னத்தை வைப்பாள். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகு, "மண்டோர் வேணாங்கிறான்" என்று விலகுவாள், இல்லாவிட்டால் இலையை விடாமல் நிற்பாள். சுணையுள்ள இலைகளையெல்லாம் அவளே தள்ளினாள். கத்திபோல் நிமிர்ந்து நிற்கும் ஒரு செடியைக் கடைக்காரச் சீன அம்மாள் காட்டினாள். மலாய்க்காரர்கள் அதை மாமியார் நாக்கு என்பார்கள். ரோசம்மா உடனே, "அது வேணாங்க. எனக்கு ஒரு மாமியார் இருந்தாங்க, அதுவே போதும்" என்றாள். ஆம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் வந்த ஒரே சிரிப்பு.

மணி பிளாண்ட் கொடி ஒன்றில் ட்ரேசி கன்னத்தை வைத்து நின்றுவிட்டாள். அகல இலை, கெட்டித் தண்டு, எல்லாம் பொருத்தம். ஆனால் ஆம்புரோஸின் கண் தொட்டி மண்ணில் கிடந்த வெள்ளை மணிகளைப் பார்த்துவிட்டது. கேட்டான். கடைக்காரம்மாள் பொய் சொல்லவில்லை. எல்லாம் மேலே கேமரன் மலையிலிருந்து வருவது, எல்லாவற்றுக்கும் மருந்து போட்டுத்தான் வரும், தவளைக்கென்றால் என்னிடம் வாங்காதே என்று மலாயில் சொல்லிவிட்டாள். ட்ரேசியின் கையிலிருந்து அந்தக் கொடியை எடுக்க வெகுநேரம் ஆனது.

பிளாஸ்டிக் செடி வைத்துப் பார்த்தார்கள். ட்ரேசி கன்னத்தை வைத்துவிட்டு அதைப் பிடுங்கி வெளியே போட்டாள். பக்கத்து வீட்டுச் செடிகளைக் கேட்கலாம் என்றால், கொசுவுக்காக நகராட்சிக்காரர்கள் புகையடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்போதுதான் ஆம்புரோஸுக்கு அம்மாவின் கல்லறை ஞாபகம் வந்தது.

பழைய தோட்டம் இப்போது தோட்டமில்லை. ரப்பர் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்து, அவர்களை அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது கிறிஸ்தவர்களின் சின்னக் கல்லறை மேடு மட்டும். செம்பனை நிழலில், சுற்றிலும் கம்பிவேலி. வருஷத்தில் ஒரே ஒரு தடவை, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு, பிரிந்து போனவர்கள் எல்லாரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மற்ற நாளில் ஈ காக்கை கிடையாது. அம்மா ஞானப்பூவின் கல்லறையைச் சுற்றி மணி பிளாண்ட் தானாகப் படர்ந்து, இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்ததை அவன் போன வருஷம் பார்த்திருக்கிறான். பக்கத்திலேயே பட்டுப்போன பால்மரத்து அடிக்கட்டையில், பறவைக்கூடு மாதிரி விரிந்த பெரணியும் பாசியும். வேலிக்கு வெளியே கம்பெனிக்காரன் மருந்து அடிப்பான். உள்ளே அடிக்க அவனுக்கு உரிமையில்லை. கல்லறையைக் கவனிக்கும் குழுவினர் எப்போதும் திருநாளுக்கு முதல் நாள் அரிவாளால்தான் புல் வெட்டுவார்கள். மருந்தே காணாத மண். மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

அக்டோபர் கடைசியில், பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு திங்கட்கிழமை காலை, வேனிலேயே போனார்கள். ட்ரேசி ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். கல்லறையில் எழுதியிருந்த அம்மாவின் பெயரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் இலை தெரிந்தது. கல்மேல் கையை ஊன்றிக் குனிந்து மணி பிளாண்ட் இலையில் கன்னத்தை வைத்தாள். அங்கிருந்து பெரணிக்குப் போனாள். அங்கும் வைத்தாள்.

"மண்டோர் இங்க தூங்குவான்" என்றாள். ஒரு முழு வாக்கியமாக அவள் பேசிப் பல நாளாகியிருந்தது. ரோசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆம்புரோஸ் கொடியை வேரோடு எடுத்தான். பெரணியைக் கட்டையின் ஒரு துண்டோடு பெயர்த்தான். பாசி, கீழே படிந்திருந்த சருகு, அந்த இடத்து மண், எல்லாம் எடுத்தான். செடிக்குத் தன் மண் இருந்தால் பிழைக்கும் என்று. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு இலையையும் மழைத்தண்ணீரில் கழுவினான். வெளிச்சத்தில் தூக்கி முன்புறம் பார்த்தான், பின்புறம் பார்த்தான். நத்தை முட்டை ஒன்றை நகத்தால் எடுத்தான். பூச்சி கடித்த இலை ஒன்றை ஒதுக்கினான். கமுந்திங்கில் இருந்த அத்தனை வருஷத்திலும் அவன் இவ்வளவு நேரம் எடுத்து எதையும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிவதில் ஒரு குறையும் இல்லை.

மண்டோரை உள்ளே விட்டார்கள். அது ஒரு நிமிஷம் அசையாமல் இருந்துவிட்டு, மெதுவாகக் கட்டைமேல் ஏறி, பெரணியின் நடுக்குழியில் உடம்பைச் செருகிக்கொண்டது. இலைகள் மூடின. ஆளையே காணோம். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சிள்வண்டு கட்டையோரம் நடந்தது. பச்சையாக ஏதோ பாய்ந்தது. சிள்வண்டைக் காணவில்லை.

ட்ரேசி வாயைத் திறந்தாள். ரோசம்மா கையில் இருந்தது ரசம் சோறுதான். அதை அவள் பிரியாணி மாதிரித் தின்றாள்.

அந்தச் சந்தோஷம் கல்லறைத் திருநாளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. அந்த வருஷம் திருநாளுக்கு அவர்கள் கல்லறைக்குப் போகவில்லை. ட்ரேசிக்குச் சளி, தவிர அப்போதுதானே போய்வந்தோம் என்று வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மணி பிளாண்டின் கொழுந்து முதலில் வெளுத்தது. ஈரம் அதிகமோ என்று ஆம்புரோஸ் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தான். அடுத்து அதன் கீழ் இலை மஞ்சளானது. பெரணியின் நுனி சுருண்டது. வேர் அழுகினால் அடியிலிருந்து கெடும், வெயில் போதாவிட்டால் எல்லாம் சேர்ந்து வெளுக்கும். கொழுந்திலிருந்து வெளுத்து இறங்குவது எதனால் என்று அவனுக்குத் தெரியும். அவன் அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்தவள். முதுகில் தொட்டியைச் சுமந்து அவள் அடித்துவிட்டு வரும் வரிசைகளில் புல் இப்படித்தான் ஒரு வாரம் ஒன்றும் ஆகாததுபோல் பச்சையாக நிற்கும், பிறகு நுனியிலிருந்து சாகும்.

கல்லறைக் குழுவைக் கவனிக்கும் பிச்சைமுத்துவுக்குப் போன் செய்தான். பீடோரில் இருக்கும் பெரியவர். நலம் விசாரித்துவிட்டு, கல்லறையில் மருந்து ஏதும் அடித்தீர்களா என்று கேட்டான்.

"அடிச்சோம் தம்பி. அரிவா எடுக்க இப்ப யாரு வாரா? நாலு கெழவனுங்க. அதான் திருநாளுக்கு முந்துன வாரம் சனிக்கெழம ஆளு வெச்சு அடிச்சிட்டோம். நீதான் பாக்க வரல. உங்கம்மா கல்லறைய மட்டும் ரெண்டு தடவ அடிக்கச் சொன்னேன். ட்ரேசி கால இழுத்துக்கிட்டு வரும், கொடியில மாட்டி விழுந்திறக் கூடாதுல்ல?"

"நல்லதுண்ணே" என்றான் ஆம்புரோஸ். வேறு என்ன சொல்ல முடியும். அந்த மனிதர் ட்ரேசிக்காகத்தான் செய்திருந்தார். சனிக்கிழமை அடித்த மருந்து. திங்கட்கிழமை காலை இவன் போய், என்ன பசுமை என்று வியந்து பறித்தான்.

ட்ரேசி மதியத் தூக்கத்தில் இருந்தபோது மண்டோரை வெளியே எடுத்தான். பின்கால்கள் நீட்டியது நீட்டியபடி இருந்தன, மடிக்க முடியவில்லை. மழைத்தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரத்துணியில் சுற்றித் தனேஸ்வரன் கடைக்குக் கொண்டு ஓடினான். தனேஸ்வரன் சுத்தமான தண்ணீரில் மாற்றி மாற்றி வைத்தான். செடி பழுப்பதற்கு முன்பே அதற்கு ஏதாவது இருந்திருக்கலாம், இது மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஆறுதல் சொன்னான். மாலைக்குள் தொண்டையின் துடிப்பு நின்றுவிட்டது. கடைக்குப் பின்னால் இருந்த வாழையடியில் புதைத்தார்கள். அலமாரியில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணே, என் பரிசுதானே அது, பதிலுக்குப் பதில் என்றான். ஆம்புரோஸ் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான்.

வீட்டில் ட்ரேசி எழுந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பழுத்தும் பழுக்காமலும் பெரணி இன்னும் குடை மாதிரித்தான் இருந்தது. ரோசம்மா கண்ணாலேயே கேட்டாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அண்ணே, மண்டோர் ஒளிஞ்சிருக்கான்" என்றாள் ட்ரேசி.

ரோசம்மா உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தாள். தொட்டிக்குள் ஒரு சிள்வண்டைப் போட்டாள். அது ஓடிச் சருகுக்குள் மறைந்தது. "சாப்பிட்டுட்டான்" என்றாள் ரோசம்மா. ட்ரேசி வாயைத் திறந்தாள்.

அதன் பிறகு நடந்ததை அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. கோயிலில்கூடச் சொல்லவில்லை. இல்லாத தவளையை மறைத்து வைக்க இலை வேண்டும். கல்லறைச் செடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. இலை விழுந்து தொட்டி காலியானால், அங்கே ஒன்றுமில்லை என்று ட்ரேசியின் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆம்புரோஸ் மறுபடி சிம்பாங் பூலாய்க்குப் போனான். இந்தத் தடவை எதையும் கேட்கத் தேவையில்லை. மருந்து போட்டதா, உரம் போட்டதா, தண்டு கனம் தாங்குமா, ஒன்றும் கவலையில்லை. இலை நெருக்கமாக இருந்தால் போதும். கடைக்காரம்மாள் அவனை ஞாபகம் வைத்திருந்தாள். தவளைக்கா என்று தயங்கினாள். தவளைக்கு இல்லை என்றான். நல்ல பளபளப்பான செடிகளாக ஏற்றிவிட்டாள்.

அவன் தேர்ந்தெடுத்தான் என்றாலும், கொண்டுவந்ததும் ட்ரேசியின் கன்னத்தில் வைத்துக் காட்டித்தான் நட்டான். மருந்து இருக்கும் என்று இலையை முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுவான். அவள் வேண்டாம் என்றதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"தவள காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வெள்ளையடிக்கிறோம்" என்றாள் ரோசம்மா ஒருநாள், தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இன்னொரு தவளைய வாங்கிப் போட்டா என்னாங்க? தனேஸ் தம்பி தரேன்னுதான சொல்லுது."

"அதுவும் சாப்பிடாமப் போனா?"

உயிருள்ள தவளை என்றைக்காவது ஒருநாள் சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துவிடும். இல்லாத தவளை அப்படிச் செய்யாது. கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிடும். அந்தத் தொட்டியில் அதுவரை இருந்ததிலேயே இதுதான் நல்ல மண்டோர்.

கிறிஸ்மஸ் அப்படிப் போனது. தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். விளக்கு வைக்கும் நேரம். இலைகள் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றன. ரோசம்மா தட்டோடு வந்து, "மண்டோர் சாப்பிட்டுட்டான்" என்றாள்.

ட்ரேசி தொட்டியைப் பார்த்தாள். ரோசம்மாவைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

"மண்டோர்மா. உன் தவள."

மரியாதைக்காகத் தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவர்கள் உண்டு. ட்ரேசிக்கு அது ஒருநாளும் வராது. கொஞ்சம் பயத்தோடு இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். ஆம்புரோஸ் ஒரு இலையை ஒடித்து அவள் கன்னத்தில் வைத்தான். அவள் அதைக் கையால் தட்டிவிட்டாள்.

செடிகள் நன்றாக இருந்தன. அவற்றுக்கென்ன. அதன் பிறகு ஆம்புரோஸ் தண்ணீர் தெளிப்பதை மறந்தபோதும் தளதளவென்று வளர்ந்து மூடியைத் தள்ளின. ட்ரேசி சோற்றைத் தள்ளினாள், கஞ்சியைத் தள்ளினாள், பிறகு விழுங்கவே மறந்தாள். தண்ணீர் மூச்சுக்குழலில் போய் இரண்டு தடவை மூச்சு அடைத்தது. இரண்டாவது தடவை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்போம் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று ஆம்புரோஸ் கேட்டான். அந்த நல்ல டாக்டர் அன்றைக்கும் மறைக்கவில்லை. இருக்கும் நாளைக்கு என்றார்.

சம்மதத் தாளில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவன் போட்டான். நோயாளிக்கு ஒரு இடம் இருந்தது. சின்ன வயதுத் தமிழ் நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்து ட்ரேசியின் கட்டைவிரலைப் பிடித்தாள்.

"அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுதானே, அண்ணே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்கும்போதே விரலை மையில் அழுத்தியும்விட்டாள்.

"போடுவா" என்றான் ஆம்புரோஸ். "இப்ப கைதான் மறந்துருச்சு."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னான். அவசரமில்லாமல், ஒன்றையும் விடாமல், தாளில் மை காயும்வரை சொன்னான். ஈப்போவில் மாதா கோயில். அவனுக்கும் ரோசம்மாவுக்கும் கல்யாணப் பூசை முடிந்து, பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட ரோசம்மாவின் சித்தப்பா பேனாவை எடுத்தார். ட்ரேசி அவருக்கும் மேசைக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, "நானு" என்றாள். இருபத்தொரு வயது அவளுக்கு. யாரோ அவளை விலக்கப் பார்த்தார்கள். சாமியார் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று அவளிடம் கேட்டார். "எங்கண்ணனுக்கும் எங்கண்ணிக்கும்" என்றாள். சாட்சிக்கு அது தெரிந்தால் போதும் என்று பேனாவை அவள் கையில் கொடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஐந்து ஆங்கில எழுத்து, ஒன்றைவிட ஒன்று பெரிசாகப் போய், கடைசி எழுத்தின் வால் அடுத்த ஜோடிக்கு விட்டிருந்த கட்டத்துக்குள் இறங்கியது. சாமியார் அதை அடிக்கவில்லை. அடுத்த ஜோடிக்குப் புதுப் பக்கம் எடுத்தார்.

ட்ரேசி முதன்முதலில் தன் பெயரைக் கையெழுத்துப் போட்டது 1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை.